வரம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது?



இந்த வாரத் தியானத்திற்கு 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆவியின் வரங்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த அதிகாரம் திறக்கப்படுவது வழக்கம். அந்நியபாஷை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கில் சாட்சி சொல்ல அது அழைக்கப்படும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தவுடன் வேதாகமம் மூடப்படும். ஆகையால் 23, 24, 25ஆம் வசனங்களை நாம் நின்று நிதானித்து வாசிப்பது அரிது. இன்று அந்த மூன்று வசனங்களோடு சற்று நேரம் தங்கியிருக்க உங்களை அழைக்கிறேன்.

அங்கே பவுல் ஒரு மனிதனை வாசல் வழியாக உள்ளே நடத்தி வருகிறார். சபை முழுவதும் கூடியிருக்கிறது. வருகிறவன் விசுவாசி அல்லன். நம்முடைய பாட்டும் ஜெபமும் முறைமைகளும் அவனுக்குப் பழக்கமில்லை. எல்லாரும் ஒரே வேளையில் அவனுக்கு விளங்காத பாஷையில் சத்தமிட்டால், இவர்களுக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்று எண்ணித் திரும்பிப் போவான். அவனுக்கு விளங்கும்படி ஒரு வார்த்தை பேசப்பட்டு, அது அவன் உள்ளத்தின் மறைவிடத்தைத் தொட்டால், இந்த இடத்தில் கடவுள் இருக்கிறார் என்று அவன் தன் வாயினாலேயே சொல்லிப் பணிந்துகொள்வான். வரங்களின் ஒழுங்கைப் பற்றி ஒரு முழு அதிகாரம் எழுதிய அப்போஸ்தலன், அந்த ஒழுங்குக்கு அளவுகோலாக இந்தப் பெயரற்ற மனிதனைத்தான் நிறுத்துகிறார். வரம் பெற்றவருக்கு எவ்வளவு பரவசம் உண்டாயிற்று என்பதை அவர் கேட்கவேயில்லை.

கொரிந்து சபை வரங்களில் குறைவுள்ள சபையாக இருக்கவில்லை. நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் அதற்காக நன்றி செலுத்துகிறார். ஆனால் அதே முதல் அதிகாரத்தில், குலோவேயாளின் வீட்டார் கொண்டுவந்த செய்தியும் இருக்கிறது. நான் பவுலின் கட்சி, நான் அப்பொல்லோவின் கட்சி என்று அங்கே பிரிவினை. பதினோராம் அதிகாரத்திற்கு வந்தால் பந்தியில் பிரிவினை: வசதியுள்ளவர் முந்திப் புசித்து முடித்துவிடுகிறார், வேலை முடிந்து தாமதமாய் வருகிற ஏழை பசியோடு நிற்கிறார். இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் வரங்களைப் பற்றிய போதனை தொடங்குகிறது. நாம் இவற்றை வெவ்வேறு தலைப்புகளாகப் பிரித்து வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கிக்கிறோம். பவுலுக்கோ இது ஒரே வியாதி. பந்தியில் சகோதரனுக்காகக் காத்திருக்க மாட்டாதவன், ஜெபக் கூட்டத்திலும் சகோதரனைப் பேசவிடமாட்டான்.

ஆகவேதான் வரங்களைப் பட்டியலிடும்போது அவர் சுகமாக்கும் வரத்திற்கும் அந்நியபாஷைக்கும் நடுவில், ஊழியத்தில் உதவி செய்வதையும் காரியங்களை நடத்தும் திறமையையும் அமைதியாக வைத்துவிடுகிறார். நம் அசனப் பண்டிகையில் விடியுமுன் எழுந்து அரிசி அளந்து கொடுக்கிறவரையும், காணிக்கையை எண்ணி ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கெழுதுகிறவரையும் மேடைக்கு அழைத்து அபிஷேகம் பெற்றவர் என்று யாரும் அறிமுகம் செய்வதில்லை. பவுலின் பட்டியலில் அவர்களுக்கு இடம் உண்டு. அது மட்டுமல்ல. ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவருக்கு வெளிப்படுத்தல் கிடைத்தால், முதலில் பேசியவர் அமர்ந்துவிட வேண்டும் என்கிறார். இரவு முழுதும் ஒலிபெருக்கியை விடாமல் பிடித்திருக்கும் நம் எழுப்புதல் கூட்டங்களில் இந்த ஒரு வசனத்தைக் கைக்கொண்டால் எத்தனையோ கூட்டங்கள் ஒன்பது மணிக்கே முடிந்துவிடும்!

ஆவியின் வரங்கள் அயல்நாட்டிலிருந்து நேற்று வந்த சரக்கு என்று எண்ணும் பெரியவர்கள் நம் சபையில் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1860ஆம் ஆண்டிலேயே திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழ் உபதேசியார் கிறிஸ்தியான்பேட்டையில் நடத்திவந்த சபையில் அது தொடங்கியது. பாவ அறிக்கை, கண்ணீர், தீர்க்கதரிசனம், அந்நியபாஷை ஆகிய யாவும் அந்நாளைய மிஷனெரிகளின் குறிப்புகளில் காணப்படுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயரைக்கூட நம்மூரில் அன்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த எழுப்புதலில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அருளப்பன் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். எழுப்புதலில் தொடப்பட்ட எளிய விசுவாசிகளும் அவ்வாறே, கூலி எதிர்பாராமல் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். வரம் அவர்களைக் கூட்டத்திற்குள் கட்டிவைக்கவில்லை. வாசலுக்கு வெளியே அனுப்பியது.

அதன் பின் 46 ஆண்டுகள் கழித்து, 1906இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் நடந்தது உலகம் அறிந்தது. அதற்குத் தலைமை தாங்கிய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின்கீழ் முழங்காற்படியிடுவது அந்நாளைய அமெரிக்காவில் எளிதில் காணக்கூடிய காட்சியல்ல. ஆனால் 1914க்குள், பெரும்பாலும் வெள்ளையரான போதகர்கள் தனி அமைப்பாகத் திரண்டுவிட்டார்கள். அந்நியபாஷை அவர்களோடு போயிற்று; அந்த முழங்காற்படியிடுதல் போகவில்லை. சீமோரே பிற்காலத்தில், அன்பில்லாத இடத்தில் அந்நியபாஷை மட்டும் ஆவியானவரின் அடையாளமாகாது என்று அழுத்தமாகப் போதித்தார். அந்தப் பாடத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். நம்மில் பலர் நம் சபைப் பிரிவைப் பற்றி மிகுந்த பெருமை கொள்கிறோம். அது நமக்கு எப்படி வந்தது என்று சிந்தித்ததுண்டா? மிஷன் சங்கங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி எல்லை வகுத்துக்கொண்டு ஊழியம் செய்தன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள். மதுரையில் அமெரிக்கன் மிஷன். நம் பாட்டனார் எந்தச் சபையார் என்பதை, பெரும்பாலும் அவர் பிறந்த ஊர் எந்த எல்லைக்குள் இருந்தது என்பதே தீர்மானித்தது. அவர் உபதேசங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து தெரிந்துகொண்டதாக எண்ணி நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலைமையை மனதின் பாரமாகச் சுமந்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களாகவே மிஷனெரி ஊழியத்தைத் தாங்குவதைக் கண்டு அவர் உள்ளம் குத்துண்டது. அதன் கனியாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் இந்த மண்ணிலிருந்தே. பிறரை அனுப்பினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1909இல் தாமே நிஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகச் சென்று, தெலுங்கில் ஊழியம் செய்து, சமுதாயம் ஒதுக்கிவைத்திருந்த மாலா, மாதிகா மக்களின் நடுவே வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானபோதும் அவர் வீடு அங்கேயே இருந்தது. ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலையின்மேல் கைவைத்து, நான் சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு வரட்டும் என்ற கருத்துப்பட அறிக்கையிட வேண்டும் என்று அவர் பழக்கினார். எழுதப்படிக்கத் தெரியாத கூலியாளும் அன்றே சுவிசேஷகரானார்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே கடற்கரை ஊர். கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியப் போதகர்கள். அசரியா அவர்களில் முன்னின்றார். அவர்கள் ஐக்கியத்தைப் பேசக் காரணம் என்ன? ஆராதனை முறைகளில் ரசனை ஒத்துப்போனதாலா? இல்லை. இந்த தேசத்திற்குச் சுவிசேஷத்தைக் கொண்டுசெல்லும் பணி முன்னே கிடக்கிறது, பிரிந்து நிற்கும் நாம் அதற்குப் பலமற்றவர்களாயிருக்கிறோம் என்பதே அவர்களுடைய அறிக்கையின் சாரம். யாரோ வகுத்த பிரிவுகள் நம்மேல் சுமத்தப்பட்டன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சுவிசேஷ பாரம்தான் அவர்களை ஐக்கியத்தின் வாசலுக்கு நடத்தியது. யோவான் 17இல் ஆண்டவர் ஜெபித்த வரிசையும் இதுவல்லவா? சீஷர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று கேட்டவர், உலகம் விசுவாசிக்கும்படிக்கு என்று காரணத்தையும் சேர்த்தே கேட்டார்.

அந்த முயற்சி கனிகொடுக்க 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பேராயர்களை உடைய சபையும் பேராயர்களே இல்லாத சபைகளும் இவ்விதம் இணைந்ததை உலகத் திருச்சபை வியந்து நோக்கியது. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். இன்று சபைத் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறுவதைச் செய்தித்தாளில் வாசிக்கும்போது, அமைப்பு ஒன்றானதால் இருதயங்களும் ஒன்றாகிவிட்டன என்று நான் உங்களிடம் சொல்லத் துணியமாட்டேன். ஆனாலும் அந்த 28 ஆண்டுகளின் பொறுமை நமக்கு ஒரு நாளாவது வாய்க்குமா என்று கேட்பேன்.

பிரியமானவர்களே, இனி நம் தெருவைப் பார்ப்போம். நம் ஆலயம் இருக்கும் தெருவில் இப்போது இரண்டு சிறிய பெந்தெகொஸ்தே சபைகள் கூடுகின்றன. ஒன்று வாடகை மாடியில். மற்றொன்று தகரக் கொட்டகையில். அவற்றிலிருந்து சென்ற ஆண்டு சில குடும்பங்கள் நம்மிடம் வந்தன. நம்மிடமிருந்து சில குடும்பங்கள் அங்கே சென்றன. இரு பக்கத்து ஆண்டறிக்கையிலும் இது கர்த்தர் கூட்டிச்சேர்த்த ஆத்துமாக்கள் என்று எழுதப்படுகிறது. குடத்துக்குக் குடம் மாற்றினால் ஊருணியில் தண்ணீர் ஏறாது. அதே தெருவில் இயேசுவின் நாமத்தை ஒரு நல்ல அயலாரின் வாயிலிருந்து ஒருமுறையும் கேட்டிராத வீடுகள் எத்தனை என்று எண்ண இரு சபையாரில் எவரும் புறப்படவில்லை. மற்றொரு தொழுவத்தின் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவதைச் சுவிசேஷ ஊழியம் என்று நான் ஒருபோதும் அழைக்கமாட்டேன். அது எவ்வளவு பெரிய கன்வென்ஷன் பந்தலில் நடந்தாலும் சரி.

அப்படியானால் எதையும் யாரையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. ஆவியின் வரத்தைப் பணத்திற்கு வாங்க நினைத்த சீமோனுக்குப் பேதுரு கொடுத்த பதில் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்களுக்கும், சுகம் கிடைக்காத நோயாளியின் தலையில் விசுவாசக் குறைவு என்ற பழியையும் சுமத்துகிறவர்களுக்கும் அதே பதில்தான். மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் இதே 14ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நிதானிப்பது ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் காரியம். வெளியே நிறுத்திவைத்து ஏளனம் பண்ணுவது வேறு.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில காலத்திற்கு முன் வேறொரு சேகரத்தில் ஒரு தாயார் மரித்தபோது துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். பழைய சபையில் பிறந்து, அங்கே திடப்படுத்தல் பெற்று, அங்கே திருமணமானவர். முதிர்வயதில் மகனோடு வேறொரு சபைக்குச் சென்று முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். அந்தச் சிறிய சபைக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. கணவரின் கல்லறை அருகில் இடம் கேட்டு மகன் போனபோது, அவர் பெயர் சபை டாப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, பல ஆண்டுச் சங்கக் காணிக்கையும் நிலுவை என்று பதில் வந்தது. மறுபக்கத்தில், மறுபடியும் பிறந்த விசுவாசியை அந்தக் கல்லறையில் வைக்க வேண்டியதில்லை என்று புதிய சபையின் மூப்பர் ஒருவர் வீராப்புப் பேசினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி வீட்டு முற்றத்தில் இருந்தது.

அந்த வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் தருவித்து, காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு இந்து சகோதரர். பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பேரும் கும்பிடுறது ஒரே சாமியத்தானே?" என்று கேட்டார். கிண்டல் எதுவும் அவர் குரலில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தத் தாயாரை மாலையில் நகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

கொரிந்து சபையின் வாசலில் பவுல் நிறுத்திய மனிதன் இவர்தான். அன்று அந்த முற்றத்தில் இரு சபைகளின் ஊழியர்களும் இருந்தார்கள். ஜெப வரம் பெற்றவர்கள், பாடும் வரம் பெற்றவர்கள், போதிக்கும் வரம் பெற்றவர்கள் யாவரும் இருந்தார்கள். அவர் பல ஆண்டுகள் பார்த்த கிறிஸ்தவத்தைவிட அந்த ஐந்து மணி நேரத்தில் பார்த்தது அவர் நினைவில் நீண்ட நாள் நிற்கும். அதற்குப் பின் அவர் கையில் எந்தத் துண்டுப்பிரதியைக் கொடுப்போம்?

இதே காரியம் நம் முன் வந்திருக்கிறது. நம் தெருவிலுள்ள அந்த இரு சபையாரும், தங்களில் மரிப்பவர்களை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதி வேண்டும் என்றும், அடக்க ஆராதனையை அவர்களுடைய போதகரே நடத்த வேண்டும் என்றும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அனுமதிக்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்த்துச் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். இடம் போதாது என்கிறார்கள். வடக்கு மதிலோரம் முட்செடி மண்டிக்கிடக்கும் நிலத்தை ஒரு சனிக்கிழமை வாலிபர் சங்கத்தார் சுத்தம் செய்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். பழைய கல்லறைகளைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு மறுபடியும் பயன்படுத்தும் முறையும் பல ஊர்களில் உண்டு. காணிக்கை கட்டாதவர்களுக்கு எப்படி என்கிறார்கள். பராமரிப்புக்கு ஒரு நியாயமான தொகையைத் தர அவர்கள் தாங்களாகவே முன்வந்திருக்கிறார்கள். நம் உபதேசம் என்னவாகும் என்றும் ஒருவர் கேட்டார். 1871இல் பல மிஷன்களின் கூட்டுறவில் ஹென்றி பவர் முதலானோர் திருத்தி வெளியிட்ட அதே தமிழ் வேதாகமத்தைத்தான் அவர்களும் திறப்பார்கள். நாம் நம் கல்லறைகளின் அருகே வாசிக்கும் அதே 1 கொரிந்தியர் 15ஐத்தான் அவர்களும் வாசிப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு இடம் கொடுத்தோம் என்ற தோரணையில் இதைச் செய்வதானால் செய்யாதிருப்பதே நலம். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளின் முன் எழுந்து நின்ற அசரியா, நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். அரங்கம் அதிர்ந்தது என்பர். கொடுக்கிறவனின் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். அந்த மாடிச் சபையின் போதகர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். நம் சபையார் நோயுற்றபோது பலமுறை அவரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். உதவி செய்வதும் வரங்களின் பட்டியலில் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

இதனோடு சேர்த்து மற்றொரு வேண்டுகோள். இனி வேறொரு சபையிலிருந்து ஒரு குடும்பம் நம்மிடம் வந்தால், அவர்களைச் சேர்க்குமுன் அவர்களுடைய போதகரோடு நான் தொலைபேசியில் பேசுவேன். அவர்கள் மனஸ்தாபத்தோடு வந்திருந்தால் முதலில் ஒப்புரவாகும்படி அனுப்புவேன். நம் ஆண்டறிக்கையில், இடம் மாறி வந்தவர்கள் தனியாகவும் புதிதாய் விசுவாசித்தவர்கள் தனியாகவும் காட்டப்படுவார்கள். இரண்டாவது எண் மிகச் சிறியதாயிருக்கும். இருக்கட்டும்.

சேகரக் கமிட்டி வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தபின் பள்ளிக்கூட அறையில் கூடுகிறது. கல்லறைத் தோட்டக் காரியம் மூன்றாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. கமிட்டி அங்கத்தினர் மட்டுமன்றி, கருத்துச் சொல்ல விரும்பும் யாவரும் வரலாம். வருமுன் 1 கொரிந்தியர் 11 முதல் 14 வரை ஒரே அமர்வில் வாசித்துவிட்டு வாருங்கள். அந்த இரு போதகர்களையும் அழைத்திருக்கிறேன். மதிய உணவு அவர்களோடுதான்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்